பட்டறைகள் திரண்டால் கூலி ஏறுமா?

தொழில்கள் ஓரிடத்தில் திரண்டால் உற்பத்தித்திறன் கூடும் என்பதில் எனக்கு ஐயமில்லை. கூலியும் தானாகவே கூடும் என்று அதோடு சேர்த்துச் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

தேர்ந்த ஆட்கள் எளிதில் கிடைப்பார்கள், துணைத்தொழில்கள் அருகிலேயே முளைக்கும், தொழில் நுணுக்கம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும் என்று பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இலேயே காரணங்களை எழுதிவிட்டார். தரைக்கல் செய்யும் செட்டிநாட்டு ஊரான ஆத்தங்குடியில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்தபின் சிமெண்டும் மணலும் இட்டு, பிறகு கல்லைத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கும் அந்தக் கைவேலை, பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியே வருவது. புதிதாகப் பட்டறை போடுபவருக்கு விளம்பரமும் பெரிதாகத் தேவையில்லை. ஊர்ப் பெயரே விற்றுக்கொடுக்கிறது.

அமெரிக்காவில் கிரீன்ஸ்டோன், ஹார்ன்பெக், மொரெட்டி ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பயனை அளந்தது. ஒரு பெரிய ஆலையைப் பெற்ற கவுன்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை) ஏற்கெனவே இயங்கிய ஆலைகளின் உற்பத்தித்திறன், அதே ஆலைக்குப் போட்டியிட்டு இழந்த கவுன்டிகளில் இருந்தவற்றைவிட, ஐந்தாண்டுகளில் சுமார் 12 விழுக்காடு மேலே போயிருந்தது. கூலியும் ஏறியது; ஆட்களுக்காக ஆலைகள் ஒன்றோடொன்று போட்டியிட வேண்டியிருந்ததே அதற்குக் காரணம்.

அந்தப் போட்டி இல்லாத இடத்தில் என்ன ஆகும்? முன்பணக் கணக்கைத் தீர்க்காமல் அடுத்த பட்டறைக்குப் போக முடியாத தொழிலாளிக்கு, தெரு முழுக்கப் பட்டறைகள் இருந்தும் முதலாளி ஒருவர்தான். உரிமையாளர்கள் கூடிப் பேசி ஒரே கூலியை வைத்துக்கொள்ளவும் அதே நெருக்கம் உதவும். (சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் நகரத்தார் வட்டித்தொழில் செய்த கிட்டங்கிகளில், பல விலாசத்தார், அதாவது தனித்தனிக் கடைக்காரர்கள், ஒரே கூடத்தில் பெட்டியடி என்ற தங்கள் கணக்குப்பெட்டி இடத்தைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள், நடப்பு வட்டி யாருக்கும் தெரியாமல் இருக்க வழியே இல்லை. நம்மவர்களுக்கு நெருக்கத்தின் அருமையைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.) தொழிலாளர்களும் அதே நெருக்கத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதற்குத் திருப்பூர் சான்று, அங்கே தொழிற்சங்கங்கள் உற்பத்தியாளர் சங்கங்களோடு உட்கார்ந்து, பல நிறுவனங்களுக்கும் பொதுவான கூலி ஒப்பந்தம் போடுகின்றன.

காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான், ஆனால் அது பெயரைக் காக்குமே தவிர நெசவாளரின் கூலியைப் பற்றி ஒன்றும் பேசாது. குறுந்தொழில் குழுமங்களுக்குப் பொது வசதி மையம் அமைக்க அரசு மானியம் தருகிறதே, அதைப் பெறும் ஒவ்வொரு பட்டறையும் தன் கூலி விகிதத்தை வாசலில் எழுதி ஒட்ட வேண்டும் என்றும், ஆள் மாறும்போது முன்பணப் பாக்கியைப் புதிய முதலாளி ஏற்றுக்கொள்ளலாம் என்றும் இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்தால் என்ன?