டி.எம்.எஸ்-இன் 'டி' ஊர்ப்பெயர் அல்ல
வெளிநாட்டில் ஓர் அரிய குடும்பப்பெயர் கொண்ட பிரபலங்களைப் பட்டியலிடுவதுபோல் தமிழ்நாட்டில் செய்ய முடியாது, இங்கே முன்னெழுத்து என்றால் ஊரும் அப்பா பெயரும்தான் என்கிறது பெயர்கள் பற்றிய இந்தக் கட்டுரை. மதுரைக்காரனாக இதை ஏற்க முடியவில்லை. சௌராஷ்டிர மொழி பேசும் எங்கள் சமூகத்தாருக்குத் தலைமுறை தலைமுறையாக வீட்டுப்பெயர் உண்டு. 1922-இல் மதுரையில் பிறந்த டி.எம். சௌந்தரராஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே பின்னூட்டத்தில் ஒருவர் 'டி' என்றால் திருநெல்வேலியாக இருக்கும் என்று எழுதியிருக்கிறார். இல்லை ஐயா, அது தொகுளுவா என்ற வீட்டுப்பெயர். 'எம்'தான் அப்பா மீனாட்சி அய்யங்கார். மதுரை காந்தி என்று கொண்டாடப்பட்ட, 1962-இல் இங்கிருந்து மக்களவைக்குப் போன என்.எம்.ஆர். சுப்பராமனின் விரிவு நாட்டாண்மை மல்லி ராயலு சுப்பராமன். அதில் ராயலு மட்டுமே அப்பா பெயர். சரி, பிறகு ஏன் இந்தப் பெயர்கள் வெளியே தெரிவதில்லை? ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிட்டோம், அவ்வளவுதான். என் மகன் பள்ளியில் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் ஒரு முன்னெழுத்துதான் எழுதலாம் என்று சொல்லி வீட்டுப்பெயரை அடித்துவிட்டார்கள். தாத்தாவின் பத்திரத்தில் முழுதாக இருக்கும் பெயர் அவன் சான்றிதழ் எதிலும் இல்லை. அது எனக்கு இன்றும் வலிக்கிறது. கட்டுரையாளர் ஒருமுறை எங்கள் மதுரைத் தெற்கு மாசி வீதிப் பக்கம் வந்து பழைய கல்யாணப் பத்திரிகைகளைப் பார்க்கட்டும்.