விந்து நீர்த்திருந்தால் உயிரணு இல்லை என்று அர்த்தமா?

"விந்து தண்ணியாக இருக்கிறதா? உயிரணுவே இல்லை, ஒரே வாரத்தில் கெட்டியாக்கலாம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. அந்தத் திரவத்தில் உயிரணுக்களின் பங்கு பொதுவாக நூற்றுக்கு ஐந்தைத் தாண்டாது, மீதியெல்லாம் பெரும்பாலும் விந்துப்பையும் புரோஸ்டேட்டும் சுரக்கும் நீர்தான், அதனால் கண்ணால் பார்த்து எண்ணிக்கை சொல்லவே முடியாது. கெட்டியாக வருவதும் அரை மணி, மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரத்தில் தானாக நீர்த்துவிடும்; லேபில் குப்பியை அப்படி இளக விட்டுத்தான் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறார்கள். இளகாமல் கெட்டியாகவே நின்றால்தான் கவனிக்க வேண்டும், கூத்தைப் பாருங்கள்!

அப்புறம் அந்த ஒரு வாரம். ஓர் உயிரணு உருவாகவே ஏறத்தாழ 74 நாள் ஆகும், அதனால்தான் கடும் காய்ச்சல் வந்துபோனால் அதன் பாதிப்பு இரண்டு மூன்று மாதம்வரை தெரியும். புகை, வெரிகோசீல் (விதைப்பையில் ரத்தக்குழாய்கள் புடைத்து வீங்குவது), விதைப்பையில் தொடர்ந்து படும் சூடு எல்லாமே உயிரணுவைக் கெடுக்கலாம். உடம்பை ஏற்றப் போடும் டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசி உயிரணு உற்பத்தியையே நிறுத்திவிடலாம், இதை மட்டும் யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

சந்தேகம் இருந்தால் விந்துப் பரிசோதனை செய்யுங்கள். மில்லிலிட்டருக்கு 1.6 கோடி உயிரணு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு தரும் கீழ்வரம்பு. அதற்குக் கீழே வந்தாலும் குழந்தையே பிறக்காது என்று அர்த்தமில்லை, ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவும் கட்டமாட்டார்கள்.