நம்ம ஆடிட்டர் வேற, அந்த ஆடிட்டர் வேற

நேற்று ராத்திரி வியாசர்பாடியில் கேரம் ஆடும்போது நண்பன் கேட்டான்: "மச்சி, சயின்டாலஜியில ஆடிட்டிங்னு ஒண்ணு இருக்காமே, நீ போய்ட்டு வந்த விபாசனா தியானம் மாதிரிதானே?" பக்கத்தில் இருந்த அண்ணன், "ஐ.டி. ரிட்டர்ன் போடுற ஆடிட்டரா?" என்றார். ஆட்டம் அத்தோடு போச்சு.

அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பின்னாளில் சயின்டாலஜி என்ற மதத்தைத் தொடங்கிய அமெரிக்க எழுத்தாளர் ஹப்பார்ட், 1950-ல் டயனெடிக்ஸ் என்று ஒரு மனப் பயிற்சி முறையைக் கொண்டுவந்தார். பழைய வேதனைகள் 'என்கிராம்' என்ற தழும்பாக மனதில் பதிந்து, நமக்கே தெரியாமல் நம்மை ஆட்டிவைக்கின்றன என்றார். அவற்றைக் கேள்வி கேட்டுக் களைவதுதான் ஆடிட்டிங். விபாசனா முகாமின் மாலை உரைகளில், அதைப் பரப்பிய ஆசிரியர் கோயங்கா சொல்வதும் ஏறக்குறைய அதுதான். பழைய சங்காராக்கள், அதாவது மனதில் படிந்த பதிவுகள், மேலே வரும், சலனப்படாமல் பார், கரைந்துவிடும்.

ஆனால் ஆடிட்டிங்கில் 'இ-மீட்டர்' என்ற கருவியோடு இணைந்த உலோக டப்பாக்களைக் கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். லேசான மின்சாரம் ஓடும். எதிரே ஆடிட்டர் கேள்வி கேட்பார். உள்ளங்கை வியர்த்தாலே மீட்டரின் முள் ஆடும். ஆடிய இடத்தை அவர் தோண்டுவார். நீங்கள் சொல்வது ஃபைலில் ஏறும். இந்தக் கருவியால் எந்த நோயையும் கண்டறியவோ குணப்படுத்தவோ முடியாது என்ற எச்சரிக்கையோடுதான் பயன்படுத்தலாம் என்று 1971-ல் அமெரிக்க நீதிமன்றமே சொல்லிவிட்டது.

முகாமில் எனக்கு நான்காம் நாள், அப்பாவிடம் போட்ட ஒரு பழைய சண்டை மேலே வந்தது. கண்ணை மூடியபடியே அழுதேன். பக்கத்தில் இருந்தவருக்குக்கூடத் தெரியாது. ஆசிரியரிடம் போனால், "சரி, மூச்சைக் கவனியுங்கள்" என்று அனுப்பிவிட்டார். அப்போது எரிச்சல்தான் வந்தது. இப்போது யோசித்தால், அந்தச் சண்டை இன்றும் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. எந்த அலமாரியிலும் இல்லை.

இன்னொன்று. சயின்டாலஜிக்காரர்களுக்கு நீங்கள் 'தீட்டன்', அழியாத ஆன்மா. படி ஏற ஏற இழந்த சக்தி திரும்புமாம். ஒவ்வொரு படிக்கும் பணம், எட்டாவது படி ஒரு கப்பலில். புத்தரோ அனத்தா, நிலையான 'நான்' என்று ஒன்றில்லை என்றார். 'நான்' எங்கே என்று தேடினேன், முட்டிவலி மட்டும்தான் இருந்தது! முகாமுக்குக் கட்டணமும் இல்லை, முடித்தவர்கள் விரும்பினால் கொடுக்கலாம். தமிழ் பௌத்தத்தை மீட்டெடுத்த அயோத்திதாசர் 1907-ல் சென்னையில் தொடங்கிய பத்திரிகையும் மலிவுதான், பெயரே 'ஒரு பைசாத் தமிழன்'. சொல்லப்போனால், எங்கள் பக்கம் பௌத்தம் என்றால் தியானமா ஞாபகம் வரும்? நீலக் கொடியும் அம்பேத்கர் சிலையும்தான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. நைட் ஷிஃப்டில் மாட்டி ஆறு மாசமாக அந்த நண்பனுக்குத் தூக்கமே இல்லை. அதனால்தான் கேட்டிருக்கிறான், நான் பாட்டுக்குத் தத்துவம் பேசிக்கொண்டிருந்தேன். மனநல மருத்துவத்தையே எதிரியாகப் பார்க்கும் சயின்டாலஜி அவனுக்கு வேண்டவே வேண்டாம். இந்த நிலையில் பத்து நாள் பேசாமல் உட்காரும் முகாமும் வேண்டாம். காலையில் போன் பண்ணி, டாக்டரைப் பார்க்கலாம் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "சரி மச்சி" என்றான். திங்கட்கிழமை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்க நானும் கூடப் போகிறேன்.