கார்டை மாற்றுவதற்கு முன்னால் எது திக்குகிறது என்று பாருங்கள்

கம்ப்யூட்டரில் கேம் திக்கித் திக்கி ஓடுகிறதா, கிராஃபிக்ஸ் கார்டை (திரையில் படம் வரைகிற பாகம்) மாத்து. இப்படிச் சொல்வது இப்போது சர்வசாதாரணமாகிவிட்டது. நண்பர்கள் சொல்கிறார்கள், யூடியூபில் சொல்கிறார்கள், சென்னை ரிச்சி தெரு கம்ப்யூட்டர் கடைகளில் சிஸ்டத்தைக் கண்ணால் பார்க்காமலேயே சொல்கிறார்கள். முப்பது, நாற்பதாயிரம் ரூபாய் சமாச்சாரத்தை இத்தனை லேசாகச் சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் அந்தப் பணம் விளையாடுகிற பையனுடையது இல்லை, அவனுடைய அம்மாவுடையது.

என் அக்கா கொளத்தூரில் இருக்கிறார். அவர் மகன் கல்லூரியில் இரண்டாம் வருஷம். ஐ5-9400எஃப் பிராசஸர், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு, 8 ஜிபி ராம். அவனுக்குப் புதுக் கார்டு வேண்டும். அக்கா சீட்டை ஏலத்தில் தள்ளி எடுத்துத் தருவதற்குக்கூடத் தயாராகிவிட்டார். "மாமா, அம்மாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்" என்றான். "சொல்றேன்டா, முதல்ல கேமைப் போடு, பார்க்கலாம்" என்றேன்.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இலவசம். அதைப் போட்டுவிட்டால் கேம் ஓடும்போதே திரையின் மூலையில் கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது, பிராசஸர் எவ்வளவு, ராம் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று எல்லாம் வரிசையாகத் தெரியும். அவன் ஒரு ஓப்பன் வேர்ல்டு கேமில் வண்டி ஓட்டிக்கொண்டு போனான். கார்டு 60 சதவீதத்தைச் சுற்றியே நின்றது. ராம் 8 ஜிபியில் ஏறக்குறைய முழுவதும் நிரம்பியிருந்தது. ஊருக்குள் புது ஏரியா வரும்போதெல்லாம் ஹார்டு டிஸ்க் லைட் விடாமல் எரிந்தது, படம் ஒரு கணம் நின்று நகர்ந்தது. ராமில் இடம் இல்லாததால் விண்டோஸ் டிஸ்க்கில் இடம் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதில் கார்டு செய்த குற்றம் என்ன? அது சும்மா காத்துக்கொண்டிருக்கிறது. அதன் இடத்தில் இன்னும் பெரிய கார்டைப் போட்டால் அதுவும் இன்னும் அதிக நேரம் சும்மா காத்திருக்கும்.

இந்த இடத்தில் ஒரு கணக்கைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் குழப்பமெல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. எல்லோரும் எஃப்பிஎஸ், அதாவது ஒரு நொடிக்கு எத்தனை ஃபிரேம் (படம்) வருகிறது என்பதன் சராசரியைத்தான் பார்க்கிறார்கள். 60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லி நொடி. சரி, 90 எஃப்பிஎஸ் வருகிற சிஸ்டத்தை எடுத்துக்கொள்வோம். அந்த ஒரு நொடியில் 89 ஃபிரேம் தலா 10 மில்லி நொடியில் வந்துவிடுகிறது, மிச்சமிருக்கும் ஒன்று மட்டும் 100 மில்லி நொடி எடுத்துக்கொள்கிறது என்று வையுங்கள். மூலையில் 90 என்றுதான் காட்டும். ஆனால் கண் அந்த ஒரு ஃபிரேமைப் பிடித்துவிடும், கையும் மவுஸில் பிடித்துவிடும். நம்மை எரிச்சல்படுத்துவது அந்த ஒன்றுதான். ஆடாமல் அசையாமல் வருகிற 50, இப்படிக் குதிக்கிற 90-ஐ விட எவ்வளவோ மேல். அதனால் சராசரியை விட்டுவிட்டு 1 சதவீத லோ என்ற எண்ணை (மிக மெதுவாக வந்த 1 சதவீத ஃபிரேம்களின் வேகம்) பாருங்கள், ஒவ்வொரு ஃபிரேமும் எடுத்த நேரத்தைக் காட்டுகிற ஃபிரேம் டைம் கோட்டைப் பாருங்கள். கோடு நேராகப் போனால் கேம் வழுக்கிக்கொண்டு ஓடும். கோட்டில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தால் எத்தனை எஃப்பிஎஸ் வந்தும் பிரயோஜனம் இல்லை.

அவனுக்கு இன்னொரு 8 ஜிபி ராம் ஸ்டிக் வாங்கிப் போட்டோம். அதுவரை ஒற்றை ஸ்டிக். இரண்டானதும் டூயல் சேனலில், அதாவது இரண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்தில் தரவு தருகிற முறையில், ஓட ஆரம்பித்தது, பிராசஸருக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. கேமை ஹார்டு டிஸ்க்கிலிருந்து அதைவிட வேகமான எஸ்எஸ்டிக்கு மாற்றினோம். சராசரி எஃப்பிஎஸ் பெரிதாக ஏறவில்லை. முள் போய்விட்டது. ராம் விலை இப்படி ஏறிக் கிடக்கிற காலத்திலும் இந்தச் செலவு ஒரு கார்டு விலையில் சிறு பங்குதான். சீட்டுப் பணம் சீட்டிலேயே இருக்கிறது.

கார்டா பிராசஸரா என்று சந்தேகம் வந்தால் இன்னொரு சுலபமான சோதனை இருக்கிறது. ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் இதுவரை இழுத்துப் பிடித்தது கார்டு. அசையவே இல்லை என்றால் பிராசஸரோ ராமோ. வாலரன்ட் மாதிரி கேம்களை மட்டுமே ஆடுகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும், அங்கே பெரும்பாலும் முதலில் முட்டி நிற்பது பிராசஸர்தான். சில கேம்கள் ஷேடர்களை (ஒளி, நிழல், நிறத்தைக் கணக்கிடும் குட்டி நிரல்களை) ஓடும்போதே தயார் செய்வதால் திக்கும். அதற்கு எந்தக் கார்டும் மருந்து இல்லை, கேம் தயாரித்தவர்கள்தான் சரி செய்ய வேண்டும்.

அப்புறம் நம்ம ஊர் வெயில். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற அறையில், மே மாதம், ஏசி இல்லாமல் விளையாடுகிறவர்கள் நம்மில் ஏராளம். என்விடியா நிறுவனத்தின் 10 வரிசைக் கார்டுகள் (1060 மாதிரி) 83 டிகிரியை ஒட்டியதுமே தாமாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டவை. ஜனவரியில் நன்றாக ஓடிய கேம் மே மாதத்தில் சொதப்பினால் கார்டுக்கு வயதாகிவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றி, ஹீட்சிங்க் இடுக்கில் பஞ்சு மாதிரி அடைத்திருக்கும் தூசியை பிளோயரால் ஊதிவிட்டு, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டை மாற்றிவிட்டுப் பாருங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் கடற்கரையை ஒட்டி இருப்பவர்கள் உப்புக்காற்றுக்காக இதை இன்னும் அடிக்கடி செய்ய வேண்டும். கேபினெட்டைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் பின்னால் ஒரு சாண் இடம் விட்டாலே சில டிகிரி இறங்கும்.

இவ்வளவும் சொன்னதால் கார்டே வாங்காதே என்று சொல்வதாக நினைக்க வேண்டாம். நானே வாங்கப்போகிறேன். என்னிடம் இருப்பது ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி. 2016-ல் வந்த கார்டு. அருமையாக உழைத்தது, இன்றைக்கும் பழைய கேம்களில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. என் பிராசஸர் ரைசன் 5 5600, ராம் 16 ஜிபி, இரண்டு ஸ்டிக். அதே சோதனையை இங்கே செய்தால் கார்டு 98, 99 சதவீதத்தில் நிற்கிறது, பிராசஸர் பாதி வேலைகூடச் செய்யவில்லை. ரெசல்யூஷனை இறக்கினால் எஃப்பிஎஸ் சட்டென்று ஏறுகிறது. இது கார்டின் எல்லை, சந்தேகமே இல்லை. போதாததற்கு, 10 வரிசைக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் (கார்டை இயக்குகிற மென்பொருள்) 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று என்விடியா அறிவித்துவிட்டது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமுக்கு ரே டிரேசிங் (ஒளி போகிற வழியைக் கணக்கிட்டுப் படம் வரைகிற முறை) வன்பொருள் கட்டாயம். என் கார்டில் அது இல்லை. செட்டிங்ஸைக் குறைத்து ஓட்டுவதற்கு வழியே கிடையாது.

எதை வாங்குவது என்பதில் என் மதர்போர்டுக்கும் ஒரு பேச்சு இருக்கிறது. என்னுடையது பி450, அதில் கார்டைச் செருகுகிற பிசிஐஇ இணைப்பு பழைய 3.0 தான். ஆர்டிஎக்ஸ் 4060, 5060 இரண்டும் எட்டு லேன் (கார்டுக்கும் போர்டுக்கும் நடுவே தரவு போகிற தடம்) மட்டுமே பயன்படுத்துகிற கார்டுகள், இரண்டிலும் 8 ஜிபி மெமரி. புது போர்டில் இது பெரிதாகத் தெரியாது. பழைய போர்டில் லேனின் வேகமும் குறைந்துவிடுகிறது. கேம் 8 ஜிபியைத் தாண்டிக் கேட்டால் மிச்சமெல்லாம் அந்தக் குறுகிய வழியாக ராமிலிருந்து வர வேண்டும், அங்கே முள் மறுபடியும் முளைக்கும். அதனால் நான் பார்த்து வைத்திருப்பது ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 16 ஜிபி. பதினாறு லேனும் உண்டு. இந்த விவரத்தை என்னிடம் எந்தக் கடையிலும் யாரும் தாமாகச் சொல்லவில்லை. என்ன போர்டு என்று கேட்டவர்களும் இல்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

சிஸ்டத்துக்கு மின்சாரம் தருகிற பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸையும் பார்த்துவிடுங்கள். கேபினெட்டோடு சேர்ந்து வந்த பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸில் புதுக் கார்டைச் செருகுவதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பில் இல்லாமல் வாங்கினால் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி கையைக் கடிக்கும்தான், ஆனால் வாரண்டி என்று போய் நிற்கும்போது கையில் அந்தக் காகிதம் வேண்டும். பழைய கார்டு வாங்குவதானால் விற்பவர் வீட்டிலேயே அரை மணி நேரம் முழு லோடில் ஓட்டிப் பார்த்து, ஃபேன் சத்தத்தையும் சூட்டையும் கவனித்துவிட்டு வாங்குங்கள்.

என் 1060-ஐ விற்கத்தான் போகிறேன். கேட்டு வருகிறவரிடம் டிரைவர் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவேன். உங்கள் சிஸ்டத்தில் என்ன மாற்றலாம் என்று கமெண்டில் கேட்பவர்கள் பிராசஸர், மதர்போர்டு, ராம் எத்தனை ஸ்டிக், எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட், மானிட்டர் எத்தனை ஹெர்ட்ஸ் என்ற விவரத்தோடு, கேம் ஓடும்போது எடுத்த ஆஃப்டர்பர்னர் ஸ்கிரீன்ஷாட் ஒன்றையும் போடுங்கள். அது இல்லாமல் என்னால் பதில் சொல்ல முடியாது.