ரவுண்டு பண்ணுவது கடைசியில், ஒரே ஒரு தடவை

தசம எண்களை முழுமையாக்கும், அதாவது ரவுண்டு பண்ணும், பாடத்தைப் பள்ளிகளில் ஒரே பீரியடில் முடித்துவிடுகிறார்கள். அடுத்த இலக்கம் 5 அல்லது அதற்கு மேல் என்றால் ஒன்று கூட்டு, இல்லாவிட்டால் விட்டுவிடு. விதி சரிதான். எதற்காக அந்த விதி என்று சொல்லாமல் விடுவதுதான் எனக்கு வருத்தம்.

7.4463-ஐ ஒரு தசம இடத்துக்கு முழுமையாக்கச் சொல்லுங்கள். பல பிள்ளைகள் கடைசி இலக்கத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். முதலில் 7.446, பிறகு 7.45, அப்புறம் 7.5. ஒவ்வொரு படியிலும் விதியை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறார்கள், ஆனால் விடை தப்பு. எண்கோட்டில் 7.4-க்கும் 7.5-க்கும் நடுப்புள்ளி 7.45. நம் எண் அதற்கு முன்னால், 7.4 பக்கம் நிற்கிறது. அதனால் விடை 7.4. கரும்பலகையில் அந்தக் கோட்டை ஒருமுறை போட்டுக் காட்டினால் போதும், பிள்ளைக்கு ஜென்மத்துக்கும் மறக்காது.

"இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்கா இந்தப் பாடு?" என்று கேட்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

1982 ஜனவரியில் கனடாவின் வான்கூவர் பங்குச் சந்தை பங்கு விலைகளின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் ஒரு குறியீட்டை 1000 புள்ளிகளில் தொடங்கியது. பங்கு கைமாறும்போதெல்லாம் கணினி அதைப் புதிதாகக் கணக்கிடும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய மூவாயிரம் தடவை. ஒவ்வொரு தடவையும் மூன்று தசம இடத்துக்கு மேல் இருந்ததை ரவுண்டு பண்ணாமல் அப்படியே வெட்டிவிட்டார்கள். அதாவது 812.4568 வந்தால் 812.457 என்று எடுக்காமல் 812.456 என்று வைத்துக்கொண்டு, அடுத்த கணக்கை அதிலிருந்தே தொடங்கினார்கள். ஒழுங்காக முழுமையாக்கினால் ஒரு தடவை ஏறும், ஒரு தடவை இறங்கும், பெரும்பாலும் ஒன்றுக்கொன்று சரிக்கட்டிவிடும். வெட்டினால் இறக்கம் மட்டும்தான். 1983 நவம்பரில் குறியீடு 524.811-இல் வந்து நின்றது. பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியபோது உண்மையான மதிப்பு 1098.892! ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத துணுக்குகள் சேர்ந்து பாதிக் குறியீட்டையே விழுங்கியிருந்தன.

ஜெர்மனியில் நடந்தது வேறு மாதிரி. ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில் 1992 ஏப்ரலில் தேர்தல். சட்டமன்றத்துக்குள் நுழைய ஒரு கட்சிக்கு 5 சதவீத வாக்கு வேண்டும். பசுமைக் கட்சிக்குச் சரியாக 5.0 என்று கணினி அச்சிட்டது. நள்ளிரவுக்கு அப்புறம்தான் தெரிந்தது, உண்மையில் அது 4.97. கிடைத்ததாக நினைத்த இடங்கள் போயின, சமூக ஜனநாயகக் கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை கிடைத்தது. தாளில் ஒரு தசம இடம் போட்டது தப்பில்லை. 5 சதவீதத்தைத் தாண்டியதா என்று பார்க்க அந்தத் தாளை நம்பினார்களே, அதுதான் தப்பு.

அதனால் ஆசிரியர்களே, பெற்றோர்களே, கணக்கு முழுவதையும் இடையில் எந்தத் தசம இலக்கத்தையும் விடாமல் போடச் சொல்லுங்கள். எந்த இடம் கேட்டிருக்கிறார்களோ அதற்கு அடுத்த இலக்கத்தை மட்டும் பார்த்து, கடைசி வரியில் ஒரு தடவை முழுமையாக்கட்டும். இன்னொன்று, 6.96-ஐ ஒரு தசம இடத்துக்கு முழுமையாக்கினால் 7.0. பிள்ளை வெறும் 7 என்று எழுதினால் விட்டுவிடாதீர்கள். பத்தில் ஒன்று வரை பார்த்திருக்கிறோம் என்பதை அந்தப் பூஜ்யம்தான் சொல்கிறது.