மெயின் ரோடு கிளியராம்

ரெட் அலர்ட் என்றதும் சென்னை வேளச்சேரிக்காரர்கள் காரை மேம்பாலத்தில் வரிசைகட்டி நிறுத்துவதைப் பார்த்து ஊரே சிரிக்கிறது. சிரிக்கட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பேஸ்மென்ட்டில் கார் மிதந்ததைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வராது. எனக்குக் கார் இல்லை, ஸ்கூட்டிதான். நாலு படி ஏற்றி கிரில்லோடு கட்டிவைத்தேன். தண்ணீர் ஐந்தாவது படிக்கு வந்தது.

நான் சொல்லவந்தது அதற்கு அப்புறம் நடந்ததை. மழை விட்டு மூன்று நாள், கரன்ட் இல்லை, டவர் இல்லை, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் மட்டும் ஒரு கோடு சிக்னல் வரும். அங்கே போய் நின்றதும் வந்து விழுந்த முதல் மெசேஜ் மேனேஜருடையது: "மெயின் ரோடு கிளியர்னு நியூஸ்ல சொல்றாங்களே, நாளைக்கு வந்துடுங்க."

கிளியர்தான், பொய் இல்லை. ஆனால் நான் மெயின் ரோட்டிலா குடியிருக்கிறேன்? உள்தெரு. அங்கிருந்து மெயின் ரோட்டுக்கு நானூறு அடி இருக்கும். அதில் முழங்காலுக்கு மேல் கறுப்புத் தண்ணீர், சாக்கடையும் சேர்ந்துதான். வடிகாலுக்குத் தோண்டிய பள்ளம் எங்கே வாய் பிளந்திருக்கிறது என்று தெரியாமல், மாப் குச்சியால் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே, மாற்றுச் சுடிதாரைக் கவரில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். இருபது நிமிஷம். அப்புறம் பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணி வரை போனதெல்லாம் ஒரு பயணமே இல்லை.

எங்கள் பக்கத்துத் தண்ணீர் வீராங்கால் ஓடையில் விழுந்து, பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குப் போய், ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயைப் பிடித்து, அப்புறம்தான் கடல். 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், ஏறிய அந்தச் சதுப்புநிலத்தில்தான் பெருங்குடி குப்பைமேடும் உட்கார்ந்திருக்கிறது. போதாததற்கு, பழைய ரோட்டைச் சுரண்டாமலே மேலே மேலே ரோடு போட்டுப் போட்டு எங்கள் வாசல் பள்ளமாகிவிட்டது. மெயின் ரோட்டில் மோட்டார் வைத்து இறைத்தார்களே, அந்தத் தண்ணீரை எங்கே விட்டார்கள் என்கிறீர்கள்? எங்கள் தெருவில்தான். ஹோஸ் வாயை நானே பார்த்தேன்.

"தண்ணீர் வடிந்துவிட்டது" என்று சொல்கிறவர்கள் ஜீப் போகிற இடத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள். பால்காரர் வர முடிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்களேன்.

ஆபீஸ் போய்ச் சேரும்போது மணி பதினொன்றரை. மாப் குச்சியைக் குடை வைக்கிற இடத்தில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். அரைநாள் லீவு போட்டிருந்தார்கள்.