முறுக்கு ஸ்பின்னரில் இல்லை, கட்டும் விதத்தில் இருக்கிறது

ஸ்பின்னர் (இழுக்கும்போது தகடு சுழலும் செயற்கை இரை) போட்டால் தூண்டில் நரம்பு முறுக்கிக்கொள்கிறது, ஆகவே அது நம் ஏரிகளுக்கு ஒத்துவராது என்று தூண்டில்காரர்கள் பலர் சொல்லக் கேட்கிறேன். முறுக்கு விழுவது உண்மைதான். ஆனால் அதற்கு ஸ்பின்னரைவிட, நாம் அதைக் கட்டும் விதமும் ரீலைச் சுற்றும் விதமுமே பெரிய காரணங்கள் என்பது என் கருத்து.

நடுவில் ஓர் எஃகுக் கம்பி. அதில் பித்தளை உடல், உடலுக்கு மேல் ஒரு சிறு மணி, மணிக்கு மேல் லாட வடிவில் வளைந்த ஒரு பிடி, பிடியில் தொங்கும் தகடு. ஸ்பின்னர் என்பது இவ்வளவுதான். 1938-இல் பிரான்சில் பிறந்த மெப்ஸ் என்ற ஸ்பின்னர் வகை முதல் இன்று கடையில் கிடைக்கும் மலிவான நகல்கள் வரை, தகடு சுழல வேண்டும், கம்பி சுழலக் கூடாது என்ற ஏற்பாட்டையே எல்லாம் நம்பியிருக்கின்றன. இருந்தாலும் பிடிக்கும் மணிக்கும் இடையே உராய்வு இருப்பதால், தகட்டின் சுழற்சியில் ஒரு பங்கு கம்பி வழியாக நரம்பில் ஏறத்தான் செய்யும். கம்பி சற்று வளைந்திருந்தாலோ, பிடியின் துளையில் பாசி அடைத்திருந்தாலோ அந்தப் பங்கு கூடிவிடும். அகன்று சுழலும் வட்டமான கொலராடோ தகட்டில் இது அதிகம். கம்பியை ஒட்டிச் சுழலும் ஒடுங்கிய வில்லோ தகட்டில் குறைவு.

இதற்கு மருந்து ஸ்விவல், அதாவது இரு முனைகளும் தனித்தனியே சுழலும் சிறு உலோக இணைப்பு, என்பது எல்லோருக்கும் தெரியும். அதை எங்கே வைப்பது என்பதில்தான் எனக்கு வழக்கத்தோடு உடன்பாடில்லை. கொக்கியுள்ள பெரிய ஸ்னாப் ஸ்விவலை ஸ்பின்னரின் மூக்கிலேயே மாட்டுவது எளிது, இரையை மாற்றவும் வசதி. ஆனால் மூன்று, நான்கு கிராம் எடையுள்ள சிறிய ஸ்பின்னரில் அந்த இரும்புச் சுமை அதன் முகத்தைக் கீழே இழுக்கிறது, பாசியையும் வாரிக்கொள்கிறது. நான் சிறிய பால் பேரிங் ஸ்விவலை ஏறத்தாழ ஒன்றரை அடி மேலே வைத்து, அதிலிருந்து மோனோ லீடர் (ஒற்றை இழை நரம்புத் துண்டு) விட்டு, ஸ்பின்னரை நேரடியாக முடிச்சிட்டுக் கட்டுவதையே விரும்புகிறேன். லீடர் அதைவிட நீண்டால் ஸ்விவல் கோலின் வளையத்தில் முட்டி, வீசுவது கடினமாகும்.

முடிச்சும் இந்த அமைப்புக்கு ஏற்றபடி அமைந்துவிடுகிறது. ரீலிலிருந்து வரும் நரம்பு, பல இழைகளால் பின்னிய வழுக்கும் பிரெய்டு என்றால் அதற்குப் பாலோமர் முடிச்சு நன்று. ஆனால் அதன் கண்ணி வழியாக மும்முள் தொங்கும் ஸ்பின்னரை நுழைப்பது பெரும்பாடு. ஸ்விவலையோ எளிதாக நுழைத்துவிடலாம். ஸ்பின்னர் முனையில் மோனோவுக்கு ஐந்து சுற்றுள்ள கிளிஞ்ச் முடிச்சு போதும்; எச்சிலில் நனைத்த பிறகே இறுக்க வேண்டும், காய்ந்த நரம்பை இறுக்கினால் உராய்வுச் சூட்டில் பலவீனமாகிவிடும்.

இத்தனையும் செய்த பிறகும் முறுக்கு வருகிறது என்றால் ரீலைப் பாருங்கள். மீன் டிராக்கை (பலமாக இழுத்தால் நரம்பை வழுக்கி வெளியே விடும் ரீலின் பிரேக்கை) இழுத்துக்கொண்டு ஓடும்போது ஸ்பின்னிங் ரீலின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தால் நரம்பு உள்ளே வராது, முறுக்கு மட்டும் ஏறும். 5.2:1 விகிதமுள்ள, அதாவது கைப்பிடி ஒருமுறை சுற்றினால் நரம்பைச் சுற்றும் பகுதி 5.2 முறை சுழலும் ரீலில் கைப்பிடியின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஐந்துக்கு மேற்பட்ட முறுக்குகள்! விரால் பிடித்த உற்சாகத்தில் யாரும் இதைக் கவனிப்பதில்லை. பழி ஸ்பின்னர் மேல் விழுகிறது. ஏறிய முறுக்கை எடுக்க, முனையில் எதையும் கட்டாமல் ஓடும் வாய்க்காலில் நரம்பை நீளமாக விட்டு, சற்று நேரம் இழுபட வைத்துச் சுற்றி எடுத்தால் பெரும்பகுதி அவிழ்ந்துவிடும்.

நம் ஏரிகளில் மெய்யான தடை முறுக்கு அல்ல, அல்லியும் ஆகாயத்தாமரையும்தான். அங்கே மும்முள்ளோடு போவது வீண்வேலை. மும்முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் பூட்டினால் சிக்கல் குறையும், மீனின் வாயிலிருந்து கழற்றுவதும் எளிது. பாசி இன்னும் அடர்ந்தால், ஊக்கு வடிவில் வளைந்த கம்பியுள்ள ஸ்பின்னர்பெய்ட்தான் சரி; அதில் கம்பி முன்னே சென்று தண்டுகளை விலக்க, மேல்நோக்கிய ஒற்றை முள் அதன் மறைவில் வருகிறது. அதன் தகடுகள் நரம்பின் நேர்கோட்டில் இல்லாமல் மேல் கையில் தனி ஸ்விவலில் சுழல்வதால், அதற்கு நரம்பில் ஸ்விவலே தேவைப்படுவதில்லை.